பத்து நாள்

“கடிக்காதுங்க, சும்மா உள்ள வாங்க.”

இந்த வாக்கியத்தைச் சின்ன வயதில் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். போஸ்ட்மேன், சிலிண்டர் கொண்டுவரும் அண்ணன், கோயில் நோம்பிக்கு வரி கேட்டு வருபவர்கள், அப்பாவின் ஆபீஸ்காரர்கள் என்று எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே தயங்கி நின்ற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதே மணியின் கழுத்துச் சங்கிலியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருப்பேன். வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது சென்னையில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் லிஃப்டில் அதே வாக்கியத்தை மற்றவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். “ஒண்ணும் பண்ணாது சார், ஃப்ரெண்ட்லி.” நான் சிரித்தபடி அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பேன். நாய்க்குப் பயம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாயைப் பார்த்து எனக்குப் பயமில்லை. அந்த வாக்கியம்தான் எனக்கு ஆகாது.

*

கரூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. 2005-இல் அப்பாவின் நண்பர் ஒருவர் தோட்டத்திலிருந்து மணியைக் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார். நாட்டு நாய்தான், கொஞ்சம் வேறு ஏதோ கலப்பு. மண் நிறம். ஒரு காது மட்டும் மடிந்தே இருக்கும். வீட்டுக்குக் காவல் வேண்டும் என்பதுதான் அப்பாவின் நோக்கம். காலை ஆறு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே கட்டினால் இரவு பத்து மணிக்குத்தான் அவிழ்ப்போம். நாலடிச் சங்கிலி. நடைப்பயிற்சிக்குக் கூட்டிப்போகும் வழக்கமெல்லாம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. சோறு போட்டோம், ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டினோம், அதோடு நாய் வளர்ப்பு முடிந்தது.

கேட்டில் ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தோம். ‘நாய்கள் ஜாக்கிரதை.’ இருந்தது ஒரே நாய். பலகையில் இருந்த படமோ நாக்கைத் தொங்கவிட்ட அல்சேஷன். கடையில் அது ஒன்றுதான் இருந்தது என்று அப்பா வாங்கி வந்தார்.

எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். கேட்டில் கொண்டி போட்டிருந்தால் மணி அவிழ்ந்து கிடக்கிறது, வெளியில் நின்று கூப்பிட வேண்டும். கேட் திறந்திருந்தால் மணி கட்டிக் கிடக்கிறது, தாராளமாக உள்ளே வரலாம். யாரும் எழுதி வைக்கவில்லை. பால்காரரிலிருந்து கீரைக்கார ஆயா வரைக்கும் தெரிந்திருந்தது.

2011 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ப்ளஸ் டூ போயிருந்தேன். மதியம் மணியைக் குளிப்பாட்டி, ஈரம் காயட்டும் என்று அப்பா காம்பவுண்டுக்குள் அவிழ்த்து விட்டிருந்தார். நாலு மணிக்கு டியூஷனுக்கு சைக்கிளை வெளியே தள்ளினேன். அந்தக் கொண்டி கொஞ்சம் மக்கர் பண்ணும். தூக்கி, அழுத்தி, வலப்பக்கம் திருப்பினால்தான் விழும். நேரமாகிவிட்டது. கேட்டைக் காலால் உதைத்துச் சாத்திவிட்டு மிதித்தேன். அது சாத்தாமல் திரும்பி வந்ததை, தெருமுனை திரும்பும்போது ஓரக்கண்ணில் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இந்தக் கட்டுரைக்காகத்தான் முதன்முதலாக எழுதுகிறேன்.

தெருக்கோடியில் புளியமரத்தடியில் அயர்ன் வண்டி வைத்திருந்த அக்காவின் பையன் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான். எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்த்த துணிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. எங்கள் வீட்டுத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் கேட் திறந்திருப்பதைப் பார்த்தான். கணக்குப்படி நாய் கட்டிக் கிடக்க வேண்டும். உள்ளே வந்துவிட்டான்.

*

ஆறு மணிக்கு நான் திரும்பியபோது வாசலில் அப்பாவின் வெள்ளைச் சட்டைகள் சிதறிக் கிடந்தன. பையனின் கெண்டைக்காலில் மணி நன்றாகப் பிடித்து, உதறியும் இருந்தது. பல் பதிந்த இடம் நாலு, ஒரு பக்கம் சதை பிய்ந்து தொங்கியது. பாட்டி அதில் மஞ்சள்தூளையும் சுண்ணாம்பையும் அப்பியிருந்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. அம்மா காபித்தூள் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு அப்பாவின் பைக்கில் போனார்கள், நான் சைக்கிளில் பின்னால் போனேன். நர்ஸ் அக்கா பார்த்ததும் திட்டினார். “யாரு இந்தக் கண்றாவியெல்லாம் வச்சது? சோப்புப் போட்டுக் கழுவணும்னு எத்தனை தடவை சொல்றது?” குழாயடியில் பையனின் காலை நீட்டி, சுண்ணாம்பையெல்லாம் எடுத்து, சோப்பு நுரையில் கால்மணி நேரம் கழுவினார். அந்தக் கழுவல்தான் முதல் மருந்து. வெறிநோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறுகிறது. ஓடும் தண்ணீரும் சோப்பும் அதில் பெரும்பகுதியைக் காயத்திலேயே ஒழித்துவிடும். இதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்தப் பையன் கத்திய சத்தம் மட்டும்தான் தெரிந்தது.

டாக்டர் மூன்று கேள்விகள் கேட்டார். நாய் யாருடையது? உயிரோடு இருக்கிறதா? அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா?

“போன வருஷம் போட்டமுங்க” என்றார் அப்பா. மணிக்குக் கடைசியாக ஊசி போட்டது 2008-இல்.

“கார்டு இருக்கா?”

“தேடிப் பாக்கணுங்க.”

“அப்ப போடலன்னே வச்சுக்கறேன்” என்று எழுத ஆரம்பித்தார். அந்த ஒரு வரிக்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சதை பிய்ந்த காயம் மூன்றாம் வகை. கையில் போடும் தடுப்பூசி உடம்பைத் தயார் செய்யச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை கிருமியைத் தடுத்து நிறுத்த, தயாராக உள்ள எதிர்ப்பு மருந்தைக் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் ஊசியால் செலுத்துவார்கள். ஏற்கனவே கிழிந்த சதைக்குள் மறுபடி ஊசி. நாலு பேர் பிடித்துக்கொண்டோம். நான் பிடித்தது அவனுடைய இடது கணுக்கால்.

அயர்ன் வண்டி அக்கா அழவில்லை. “தொப்புளைச் சுத்தி போடுவாங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். அது பழைய பயம். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த நாட்டில் நாய்க்கடி என்றால் குன்னூர், கசௌலி என்று ஊர் ஊராக ஓடியிருக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் பதினாலு நாள் குத்திக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். அந்த மருந்து 2000-களின் நடுவில்தான் வழக்கொழிந்தது. “இல்லம்மா, கையிலதான்” என்றார் டாக்டர். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். பிறகு அப்பாவைப் பார்த்து, “நாயைப் பத்து நாள் கவனிங்க. அடிச்சுக் கிடிச்சுக் கொன்னுடாதீங்க. கட்டிப்போட்டு, சோறு தண்ணி வச்சு, எப்படி இருக்குன்னு பாருங்க. ஏதாச்சும் மாறுனா உடனே சொல்லணும்” என்றார்.

வெறி பிடித்த நாயின் எச்சிலில் கிருமி வருவது, நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்புதான். தெரிந்த பிறகு நாய் அதிக நாள் தாங்காது. எனவே கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நோய் தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

*

அடுத்த நாள் காலை ஆறரைக்கு அயர்ன் வண்டி அக்கா எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்.

“அம்மா, நாயி இருக்குதுங்களா?”

அம்மா கதவைத் திறந்தாள். அவர் கேட்டுக்கு உள்ளே வரவில்லை. கம்பி வழியாகப் படிக்கட்டின் அடியைப் பார்த்தார். மணி எழுந்து வாலை ஆட்டியது. “தண்ணி குடிக்குதுங்களா?” என்றார். குடிக்கிறது என்றாள் அம்மா. “செரிங்” என்று போய்விட்டார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் பேக்கரியிலிருந்து பொறை வாங்கி வந்திருந்தார். “போட்டுப் பாருங்க தம்பி, திங்குதான்னு.” நான் போட்டேன். மணி இரண்டு கடியில் முழுங்கிவிட்டு அவரைப் பார்த்தது. அவர் முகம் தளர்ந்தது. தன் பையனின் காலைப் பிய்த்த நாய் நன்றாகச் சாப்பிட வேண்டும், தெம்பாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்ட ஒரு பெண்ணை நான் பத்து நாள் பார்த்தேன். அதைவிடப் பெரிய விரதத்தை எந்தக் கோயிலிலும் நான் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் மணி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அவர் வரும் நேரம். அம்மா பதறிப்போய் பால் ஊற்றினாள். அதையும் தொடவில்லை. கேட்டில் நின்றவரிடம், “இப்பத்தாங்க சாப்ட்டுச்சு” என்று சொன்னது நான்தான். பிறகு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் மணி எழுந்து தட்டைக் காலி செய்தது. வெயில் காரணமாக இருந்திருக்கலாம். அந்த ஆறு மணி நேரத்தை இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

இதற்கு நடுவில், இரண்டாம் நாள் சாயங்காலமே பஞ்சாயத்து முடிந்திருந்தது. ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் “போலீஸ்ல எழுதிக் குடுக்கா” என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அது அப்பாவின் காதுக்கு வந்துவிட்டது. அவரே புளியமரத்தடிக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. மூன்றாவது வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரும் வந்தார். அப்பா குரலை உயர்த்தவே இல்லை. “ஏம்மா, எங்களுக்கும் வருத்தந்தான். ஆனா கேட்டு சாத்தியிருந்துச்சு. பையன்தான் தொறந்துட்டு வந்திருக்கான். சின்னப் பையன், தப்புச் சொல்ல முடியாது” என்றார். பிறகு கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தவனைப் பார்த்து, “நீதானடா கண்ணு தொறந்த?” என்று கேட்டார்.

பையன் அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

அப்பா இரண்டாயிரம் ரூபாயை வாத்தியார் கையில் கொடுத்து, அவர் கையால் அக்காவிடம் கொடுக்கவைத்தார். பஸ் செலவுக்குத் தனியாக இருநூறு. நான் பக்கத்தில் நின்றேன். அப்பாவுக்கு உண்மை தெரியாது. கேட் சாத்தியிருந்தது என்று அவர் நிஜமாகவே நம்பினார். தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பத்தாம் நாள் அக்கா வந்து பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். அன்று இரவே அப்பா நண்பரின் ஆம்னி வேனை வரவழைத்தார். மணி யார் கூப்பிட்டும் ஏறவில்லை. நான் பொறையைக் காட்டி ஏற்றினேன். அமராவதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி இறக்கிவிட்டு வந்தோம். வேனின் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தது. பிறகு விளக்கு வெளிச்சத்தில் தெரியவில்லை.

*

இதையெல்லாம் சட்டத்தின் வார்த்தைகளில் யோசிக்க எனக்குப் பதின்மூன்று வருடம் ஆனது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தப் பூங்காவின் காவலாளியுடைய மகள் அவள். காப்பாற்றப் போன தாய்க்கும் கடி. நாயின் உரிமையாளர் கைதானார். செய்தியில் ஒரு பிரிவு எண் வந்தது: இந்திய தண்டனைச் சட்டம் 289. தேடிப் படித்தேன்.

தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயம் ஏற்படவோ வாய்ப்புள்ள ஆபத்தைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டை, தெரிந்தோ அலட்சியத்தாலோ செய்யாமல் விடுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1860-இல் எழுதியது. அன்றைக்கு ஆயிரம் ரூபாய் ஒரு சொத்து. 2011-இல் அப்பா கொடுத்தது அதைப் போல இரண்டு மடங்கு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 291-ஆம் பிரிவாகி, அபராதம் ஐயாயிரம் ஆகியிருக்கிறது. ஆறு மாதம் மாறவில்லை. நஷ்டஈடு வேண்டுமென்றால் தனியாக சிவில் வழக்குப் போட வேண்டும். அயர்ன் வண்டி வைத்திருப்பவர் எத்தனை நாள் கோர்ட்டில் உட்கார முடியும்?

‘தெரிந்தோ அலட்சியத்தாலோ.’ எனக்கு அந்த இரண்டு வார்த்தைகளில்தான் கண் நின்றது. வீட்டு விலங்கு ஒருவரைக் காயப்படுத்தினால், அதன் மூர்க்கம் உரிமையாளருக்கு முன்பே தெரியுமா என்று கேட்பது பழைய ஆங்கிலேயச் சட்ட மரபு. முதல் கடிக்கு மன்னிப்பு என்று அதைக் கிண்டலாகச் சொல்வார்கள். ‘கடிக்காதுங்க’ என்று நான் நூறு முறை சொன்னது அந்த மரபுப்படி நல்ல எதிர்வாதம்: எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதே கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்கியது. தெரியாதவர்கள் ஏன் பலகை மாட்டினார்கள்? சங்கிலியை ஏன் இறுக்கிப் பிடித்தேன்?

இன்னொரு சட்டமும் கண்ணில் பட்டது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. விலங்கை அநியாயமான நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமலிருப்பது குற்றம். பசியாலும் தாகத்தாலும் தவிக்கும் நிலையில் காரணமின்றிக் கைவிடுவதும் குற்றம். வரிசையாகப் படித்தபோது எங்கள் வீட்டு மாடிப்படியையும் ஆம்னி வேனையும் பார்த்துவிட்டு யாரோ எழுதியது போல இருந்தது. பதினாறு மணி நேரம் நாலடிக்குள் கிடந்த நாய், ஓடி வந்த ஒரு சின்னக் காலை என்னவாகப் பார்த்திருக்கும்? எந்த இன நாய் ஆபத்தானது என்று இப்போது நிறைய விவாதிக்கிறார்கள். மணி எந்தப் பட்டியலிலும் வராது.

தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை என்பதால் அங்கே கேள்வி அரசிடம் போகிறது. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தெருநாய்க்கடிக்கு ஒரு கணக்குப் போட்டது: ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20,000. படித்ததும் என் மனசு அனிச்சையாக நாலு பல்லைப் பத்தாயிரத்தால் பெருக்கியது. அந்தத் தீர்ப்பு எங்கள் மாதிரி வழக்குக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒரு நீதிபதி பல்தடத்தை எண்ணியிருக்கிறார் என்பது பெரிய விஷயமாகத் தோன்றியது. நாங்கள் எண்ணவே இல்லை.

இதில் எல்லாவற்றிலும் பழைய சட்டம் இன்றைய ஈராக்கில், எஷ்னுன்னா என்ற நகரத்துக் களிமண் பலகையில் கிடைத்தது. கிட்டத்தட்ட 3,800 வருடப் பழசு. வெறிநாய் என்று அதிகாரிகள் சொல்லியும் உரிமையாளர் அதைக் கட்டுக்குள் வைக்காமல், அது ஒருவரைக் கடித்து அவர் இறந்துபோனால், 40 ஷெக்கல் வெள்ளி கொடுக்க வேண்டும். இறந்தது அடிமை என்றால் 15 ஷெக்கல். எச்சரிக்கை, அலட்சியம், இழப்பீடு என்று இன்றைக்குப் பேசுவது எல்லாம் அதில் இருக்கிறது. கடிபட்டது யார் என்பதைப் பொறுத்து விலை மாறுவதும் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், வளர்ப்பு நாயிடம் அடிக்கடி மாட்டுகிறவர்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறவர்கள் இல்லை. பால், பேப்பர், சிலிண்டர், பார்சல் கொண்டுவருகிறவர்கள், துணி கொண்டுவருகிறவர்கள், காவலாளியின் பிள்ளைகள். வீட்டுக்காரரோடு சண்டை போட்டால் வேலை போய்விடும் என்கிறவர்கள். உள்ளே வரவும் முடியாமல் வராமல் இருக்கவும் முடியாமல் கேட்டில் நிற்பவர்களுக்குத்தான் நாம் ‘கடிக்காதுங்க’ என்று சொல்கிறோம்.

*

அப்பா இறந்த பிறகு ஊர் வீட்டை வாடகைக்கு விட முடிவு செய்தோம். 2025 பொங்கல் முடிந்து, பீரோவையும் கட்டிலையும் சித்தி வீட்டுக்கு அனுப்பச் ‘சின்ன யானை’ ஒன்றைக் கூப்பிட்டிருந்தேன். வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்த பையன் கேட்டுக்கு வெளியே நின்று, “அண்ணா” என்று கூப்பிட்டான். கேட் திறந்துதான் இருந்தது. அந்த வீட்டில் பதின்மூன்று வருடத்துக்கு மேலாக நாயே இல்லை. நான் போய்க் கூப்பிடும் வரை அவன் உள்ளே கால் வைக்கவில்லை. பலகை இன்னும் அங்கேயே தொங்கியது, துருப்பிடித்து.

பீரோவை ஏற்றக் கைலியை மடித்துக் கட்டினான். அப்போதுதான் காலைப் பார்த்தேன். வழவழப்பான, கொஞ்சம் பள்ளமான தழும்பு.

கயிறு கட்டிக்கொண்டிருந்தவனிடம், “அன்னிக்குக் கேட்டச் சரியாப் போடாமப் போனது நாந்தாம்ப்பா. நீ தொறக்கல” என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்ததில் கால்வாசிகூட வரவில்லை.

“தெரியுமுங்ணா. தொறந்துதான் இருந்துச்சு.”

“அப்பறம் ஏன் தலையாட்டுன?”

“அம்மா கைய அமுக்குச்சு.” கயிற்றை வண்டிக்கு அந்தப் பக்கம் வீசினான். “உங்க தெருவுல எட்டு வீட்டுத் துணிங்ணா.”

நான் அந்தப் பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கொடுத்தேன்.

“அந்த நாயி என்னாச்சுங்ணா? பதினோராம் நாளும் அம்மா பொறை வாங்கிட்டு வந்துச்சு. தோட்டத்துக்கு அனுப்பிட்டோம்னு சொன்னாங்களாம்.”

அம்மா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

“தோட்டத்துக்கு அனுப்பல. ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயி விட்டுட்டோம். வேன்ல நாந்தான் ஏத்துனேன்.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. போட்ட முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தான். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். எண்ணூறு என்றான். ஆயிரமாகக் கொடுத்தேன், மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொல்லி.

சட்டைப் பையில் துழாவி இருநூறை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.